வெள்ளத்துக்குப் பின் வன்னியில் படிப்பா, வேலையா: தம்பிக்கு எந்த வழியைச் சொல்வது?

கேள்வி
பதிவிட்டவர்: குமுழமுனை அக்கா

அனைவருக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் குமுழமுனையைச் சேர்ந்தவள். தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு. சென்ற கார்த்திகையில் டித்வா புயலோடு வந்த மழையில் அந்த வயல் ஆறு நாள் நீருக்குள் கிடந்தது. விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத பயிர். நீர் வடிந்தபோது வரம்பு எது, வயல் எது என்று தெரியாதபடி மணல் மூடியிருந்தது.

தம்பி க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்ததால், மீதிப் பாடங்கள் ஒத்திவைக்கப்பட்டு ஜனவரியில் நடந்தன. இடையில் கிடைத்த நாட்களில் அவன் படித்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில் அப்பாவோடு நின்று வயலில் மணல் அள்ளினான். இரவில் நனைந்து உப்பிப்போன கொப்பிகளை அடுப்படியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்தினான். பொறியியற் தொழில்நுட்பக் கொப்பியில் நீல மை முழுவதும் கரைந்துபோய், பென்சிலால் வரைந்த படங்கள் மட்டும் அப்படியே இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவன் கடைசி வினாத்தாளுக்குத் தயாரானான்.

இப்போது வீட்டில் மூன்று விதமான பேச்சு நடக்கிறது. வயலை ஈடு வைத்து, ஒரு முகவர் மூலம் தம்பியை வளைகுடா நாடொன்றுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா நினைக்கிறார். உடைந்த வீதியைத் திருத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவர் நாட்கூலிக்கு நாளைக்கே வரச் சொல்கிறார். பெறுபேறு வரும்வரை பொறுத்திருந்து பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சியில் ஜேர்மன் ரெக் என்று சொல்லும் தொழிற்பயிற்சி நிறுவகத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டும் என்று பாடசாலை ஆசிரியர் சொல்கிறார். சாதாரண தரம் எழுதிய தங்கையும் இருக்கிறாள். கணிதம் சரிவராது என்று பயந்து, இனிப் படிக்கப் போவதில்லை என்கிறாள்.

எங்களைப் போல் இழப்பைச் சந்தித்து, அதன்பிறகு படிப்பிலோ தொழிலிலோ கால் ஊன்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.


பதில் 1
பதிவிட்டவர்: துணுக்காய் ஓய்வுநிலை விவசாயப் போதனாசிரியர்

பிள்ளை, உங்கள் வீட்டில் எல்லாத் தீர்மானமும் அந்த மூன்று ஏக்கரைப் பார்த்தே எடுக்கப்படுவதால், முதலில் வயலைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். மணல் மூடியது என்பதற்காக வயல் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் வெட்டி, மணல் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். நாலு விரற்கடைக்குள் என்றால் ஆழ உழுது பழைய மண்ணோடு கலந்துவிடலாம். அதற்கு மேலென்றால் அள்ளி அகற்றத்தான் வேண்டும். அப்போதும் முழு வயலையும் ஒரே தடவையில் திருத்த நினைக்காமல், வாய்க்காலுக்குக் கிட்டிய துண்டில் இருந்து தொடங்குங்கள். பயிர்ச்சேதம் கமநல சேவை நிலையத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்பதை அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கமக்காரர் அமைப்பின் செயலாளர் பதிந்திருப்பார் என்று நம்பியிருந்து ஏமாந்த பலரை நான் கண்டிருக்கிறேன்.

வயலை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் யோசனை எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஒரு போகம் அழிந்தால் அடுத்த போகம் உண்டு. ஈட்டில் போன வயல் திரும்பி வருவதற்குப் பல போகம் வேண்டும்.

இனித் தம்பியின் விடயம். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடற்கோள் முல்லைத்தீவு நகரை அள்ளிச் சென்றபின், தொண்டு நிறுவனங்கள் பல வன்னிக்கு வந்தன. கணினியும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைகளை அவை தேடித் தேடி வேலைக்கு எடுத்தன. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவர்களும், பல்கலைக்கழகம் கிடைத்திருந்தவர்களும்கூட அந்தச் சம்பளத்தைக் கண்டு படிப்பை விட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது. ஆனால் திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. 2008 செப்ரெம்பரில் அந்த நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோது, அவர்களில் பலரிடம் சேவைக் கடிதம் ஒன்றைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பின்னர் வந்த இடப்பெயர்வில் அந்தக் கடிதமும் போனது. அதே நிறுவனங்களில் வேலை செய்துகொண்டே கணக்கியலோ, நில அளவையோ ஏதோவொன்றை முறையாகப் படித்து முடித்த சிலர் மட்டும் 2009க்குப் பின் மீள்குடியேறி வந்ததும் வேலையில் சேர்ந்தார்கள்.

அழிவுக்குப் பின் வரும் வேலை வெள்ளம்போல வரும், வெள்ளம்போலவே வடிந்துவிடும் என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வடிந்த பிறகு கையில் என்ன நிற்கும் என்று பார்த்துப் போக வேண்டும். நான் சேவையில் இருந்த காலத்தில், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் குளக்கட்டும் வாய்க்காலும் மதகும் திருத்தப்பட்டன. திருத்தத்தை மேற்பார்வை செய்ய வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்களில் எங்கள் கிராமங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்ததில் இருந்தே தெரியும். ஆனால் அதைப் படத்தில் போட்டு, அளவெடுத்து, மதிப்பீடு எழுதத் தெரிந்தவனுடைய சொல்தான் ஏறும். பென்சில் படத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதிய பிள்ளை அந்த வேலையைப் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.


பதில் 2
பதிவிட்டவர்: கண்டாவளைத் தங்கை

அக்கா, உங்கள் பதிவை வாசித்தபோது எனக்கு 2018 மார்கழி 21 ஆம் திகதி இரவு நினைவுக்கு வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, எங்கள் பகுதி முழுவதும் விடிவதற்குள் நீரில் நின்றது. சாதாரண தரம் எழுதி முடித்து அப்போது ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மூன்று வருடங்களின் பின் உயர்தரத்தில் எதிர்பார்த்த பெறுபேறு வராதபோது, அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில், அதாவது உங்கள் ஆசிரியர் சொன்ன ஜேர்மன் ரெக்கில், கட்டட நிர்மாணத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன்.

அந்த நிறுவகம் ஜேர்மன் உதவியோடு 2016 இல் திறக்கப்பட்டது. நிர்மாணம் தவிர வாகனத் தொழில்நுட்பம், மின், இயந்திரவியல், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொடர்பாடல் ஆகிய துறைகளும் உண்டு. தேசிய தொழிற்தகைமை, நாங்கள் என்.வி.கியூ. என்று சொல்வது, அங்கே 4 ஆம் மட்டத்தில் இருந்து 6 ஆம் மட்டம் வரை படிக்கலாம். 4 ஆம் மட்டம் முழுமையான தொழிலாளிக்குரிய சான்றிதழ். 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டம். டிப்ளோமா முடித்தவர்கள் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துப் பட்டம்வரை போகலாம். எனவே பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் போகும் கடைசி இடமாக அதை நினைக்க வேண்டாம். என் வகுப்பில், பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமாக இருந்தும், வேறு பாடநெறியை விட்டு இதற்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலைக்குப் போன தளத்தில், இருபது வருடமாகக் கட்டட வேலை செய்யும் மேசன் ஐயா ஒருவர் இருந்தார். கல்லைக் கையில் எடுத்த உடனே அது எந்தச் சூளைக் கல் என்று சொல்லிவிடுவார். மட்டப்பலகையை வைத்துப் பார்க்கும் முன்பே, வரி எந்த மூலையில் தாழ்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மேலே நின்று வேலை வாங்கியவர் வேறு மாவட்டத்தில் இருந்து வந்த ஒரு இளைஞர். இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரு சான்றிதழ் மட்டுமே. முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டியே தேசிய தொழிற்தகைமை பெறலாம் என்று ஐயாவிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. மதிப்பீட்டாளர் வந்து, சுவர் ஒன்றின் மூலையைக் கட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்து, கலவை விகிதத்தையும் பாதுகாப்பையும் பற்றிக் கேள்வி கேட்டார். சான்றிதழ் வந்த அன்று ஐயா அதை மடிக்காமல், இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோனார்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு நிலைமை காரணமாகத் தம்பி இப்போது கூலிக்குப் போகத்தான் வேண்டும் என்றால், போகட்டும். ஆனால் மண் சுமக்கும் இடத்தில் மட்டும் நிற்காமல், நாடா பிடிக்கவும் மட்டம் பார்க்கவும் ஆள் தேவைப்படும்போது தானாகவே முன்னுக்குப் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் என்ன வேலை, எத்தனை கனமீற்றர் கொங்கிறீற், என்ன கலவை, எந்த அளவுக் கம்பி என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வேலை முடியும்போது ஒப்பந்தக்காரரிடம் திகதி குறிப்பிட்ட கடிதம் வாங்க வேண்டும். பின்னர் பாடநெறியில் சேர்ந்தால் அந்தக் கொப்பி அவனை மற்றவர்களுக்கு ஒரு படி முன்னால் நிறுத்தும். சேர முடியாமல் போனாலும், முன்கற்றல் அங்கீகாரத்துக்கு அதுவே சான்று.

சிங்களமும் ஆங்கிலமும் இப்போதே கொஞ்சம் பழகச் சொல்லுங்கள். தளத்தில் பொறியியலாளரோடு பேச முடியாமல் நான் முதல் மூன்று மாதம் பட்ட சிரமம் அவனுக்கு வேண்டாம்.


பதில் 3
பதிவிட்டவர்: மன்னார் அண்ணன்

நான் கட்டாரில் ஆறு வருடம் இருந்து திரும்பியவன். வெளிநாட்டுக்கே போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், என் தங்கைமாரின் படிப்பு அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் நான் ஒரு சான்றிதழும் இல்லாமல் உதவியாளர் என்ற பெயரில் போனேன். அதே முகாமில், அதே அறையில், மின்னிணைப்பாளர் சான்றிதழோடு வந்தவர் என்னைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு, நிழலில் வேலை செய்தார். போகும்போது முகவர் சொன்ன சம்பளமும் அங்கே எழுதித் தந்த சம்பளமும் ஒன்றாக இருக்கவில்லை. முதல் இரண்டு வருடம் கடனுக்கும் வட்டிக்குமே போனது.

அப்பாவிடம் இரண்டு விடயம் சொல்லுங்கள். முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். தம்பி எப்படியும் போகத்தான் போகிறான் என்றால், 4 ஆம் மட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போகட்டும்.


கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: குமுழமுனை அக்கா

எல்லோருடைய பதிலையும் நேற்றிரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஈடு வைப்பதைப் பற்றி அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போய், ஐயா சொன்னபடி ஐந்து இடத்தில் வெட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று இடத்தில் மணல் நாலு விரற்கடைக்குள்தான் இருக்கிறது.

எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். தம்பியின் சாதாரண தரச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் வைத்த உறை நனைந்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன, பிரித்தால் கிழிகிறது. அவற்றை வைத்து விண்ணப்பிக்க முடியுமா? இசட் புள்ளி ஓரளவுக்கு வந்தால் பல்கலைக்கழகமா, ஜேர்மன் ரெக்கா என்றும் தெரியவில்லை. தங்கையைப் பற்றி யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 4
பதிவிட்டவர்: வவுனியா உயர்தர ஆசிரியர்

சான்றிதழைப் பிரிக்க முயல வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்தின் வழியாகவே விண்ணப்பித்து, பெறுபேற்றுச் சான்றிதழைப் பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்தால் வேலை எளிது. சுட்டெண் மறந்திருந்தால் பாடசாலை அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். இரண்டிலும் இரண்டு, மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் கைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். வன்னியில் கடதாசியைத் தொலைக்காத குடும்பம் எது? இடப்பெயர்வில் ஒரு தடவை, வெள்ளத்தில் ஒரு தடவை என்று என் மாணவர்களில் பலர் இரண்டு தடவை தொலைத்தவர்கள்.

பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. கொழும்பு, கண்டிப் பிள்ளைகளோடு போட்டியிட்டு எங்களால் முடியாது என்று நினைத்து, பலர் விண்ணப்பத்தையே ஒழுங்காக நிரப்புவதில்லை. மாவட்ட அடிப்படையில் தெரிவு நடக்கும் பாடநெறிகளில், அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதமான இடங்களே நிரப்பப்படுகின்றன. 55 வீதம் அந்தந்த மாவட்டத் திறமைக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் உரியன. முல்லைத்தீவு உட்பட வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்த 16 இல் அடங்கும். ஆகவே தம்பி பெரும்பாலும் தன் மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் போட்டியிடுகிறான்; அவர்களில் பலரும் அதே வெள்ளத்தில் நின்றவர்கள். விருப்பத் தெரிவில் இரண்டு, மூன்று பாடநெறியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், தகுதியுள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பப் பிரிவில் படித்தவனுக்கு வன்னிக்குள்ளேயே இடங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேயே உள்ளன. 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் உண்டு. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடப்பதால் முதல் வருடம் கடினமாக இருக்கும். தம்பி மனம் தளர்ந்து வீட்டுக்கு வந்துவிடுவானோ என்ற பயம் உங்களுக்கு அந்த வருடத்தில்தான் வரும். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் கணக்கில் எடுக்கப்படும், ஆகவே கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழை நேரத்துக்கு எடுத்துவையுங்கள்.

இடம் கிடைத்தால் பல்கலைக்கழகம் என்பதே என் கருத்து. பதில் 2 இல் எழுதிய பிள்ளையின் கருத்து வேறாக இருக்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பல மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் சும்மா இருக்கும் பிள்ளைகள்தான் முகவரிடம் போகிறார்கள். கூலி வேலையோடு, பிள்ளை சொன்ன அந்தக் கொப்பியும், கிழமைக்கு இரண்டு நாள் ஆங்கில வகுப்பும் இருந்தால் போதும்.

தங்கைக்கு, கணிதம் தவறினாலும் படிப்பு நின்றுவிடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற் பாடத்துறையில் 12 ஆம் வகுப்புக்குப் போகலாம். 13 ஆம் வகுப்பில் தொழிற்பயிற்சி பெற்று, 4 ஆம் மட்டத் தகைமையோடு வெளியே வரலாம். உங்களுக்குக் கிட்டிய எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். தங்கைக்கு அங்கே என்ன பாடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை, தோழிகள் போனார்கள் என்பதற்காக விருப்பமில்லாத துறைக்குப் போய் நான்கு மாதத்தில் நின்றுவிட்டாள். அவளை மறுபடி சேர்ப்பதற்கு நாங்கள் பட்ட பாடு பெரிது.


பதில் 5
பதிவிட்டவர்: கண்டாவளைத் தங்கை

ஆசிரியர் சொன்னதோடு எனக்கு முரண்பாடு இல்லை. பல்கலைக்கழகம் கிடைத்தால் தம்பி போகட்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு யோசிக்காமல், இப்போதே இடத்தைப் பார்த்து வைத்திருப்பது நல்லது. அனுமதி அறிவித்தல் எப்போது வரும், என்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை நேரில் கேட்டால் மனதில் நிற்கும்.

அக்கா, குமுழமுனையில் இருந்து வருவதென்றால் முள்ளியவளைக்கு வந்து, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் போகும் பஸ் எதுவும் சரி. முறிகண்டி தாண்டியதும் அறிவியல் நகர் என்று நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். பல்கலைக்கழகப் பீடங்களும் அந்தப் பக்கமே இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் தம்பிக்குக் காட்டிவிடலாம். தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உணவுத் தொழில்நுட்பப் பயிற்சிக்கூடத்தை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். சனிக்கிழமை வேலை எனக்கு அரை நாள்தான். ஆனால் நிறுவக அலுவலகத்தில் விசாரிப்பதற்குக் கிழமை நாளே நல்லது என்பதால், திகதியை இங்கே எழுதினால் நான் அன்றைக்கு லீவு போட்டு வாசலில் நிற்கிறேன்.


கேட்டவரின் மறுமொழி
பதிவிட்டவர்: குமுழமுனை அக்கா

வருகிற புதன்கிழமை மூன்று பேரும் வருகிறோம் தங்கச்சி. தம்பி திங்களும் செவ்வாயும் வீதி வேலைக்குப் போகிறான். ஒரு புதுக் கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் திகதி போட்டு வைத்திருக்கிறான். ஐயா, வாய்க்காலுக்குக் கிட்டிய முக்கால் ஏக்கரை அப்பா சிறுபோகத்துக்கு உழுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன நெல் போடலாம் என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார்.